லஸ் மாதர் சங்கத்தில் ஒரு பேய்

"'கதவு தானாகத் திறந்தது. அது உள்ளே வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தது...'"

"யா அல்லா! நிறுத்தும்மா! கையெல்லாம் சில்லுனு போச்சு" என்று அலறினாள் ஹாஜிரா பீ. சங்கத்துப் பெண்களுக்கு ஜரிகைப் பூவேலை சொல்லித் தருகிறவள் அவள். கையிலிருந்த ஊசி கீழே விழுந்ததை எடுக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நிறுத்தாதேடி, படி, படி!" என்றார்கள் மற்றவர்கள். பட்டப் பகலில், மயிலாப்பூர் லஸ் மாதர் சங்கத்துக் கூடத்தில், ஒருத்தியை ஒருத்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயந்து சாவதில்தான் எத்தனை சந்தோஷம்!

வாசித்துக்கொண்டிருந்தவள் அபயாம்பாள். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் பட்டணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம், கணவனுக்கு மாற்றலாகிக் கும்பகோணத்திலிருந்து வந்தவள். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சங்கத்தில் கதை வாசிக்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும்தான் அவளுக்கு உயிரே வந்தது. இன்றைக்குப் பரீட்சை. தேறினால் வாராவாரம் அவள்தான் வாசிப்பாள். தேறாவிட்டால் பழையபடி நாலு சுவர்.

பரீட்சை வைத்த நீரஜா மாமி லேசுப்பட்டவள் இல்லை. சங்கத்தின் தலைவி. அந்தப் பழைய பேய்க்கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு சொல்லைக்கூட விழுங்கக் கூடாது என்பது அவள் சட்டம். அரைப் பக்கத்தைத் தாண்டிக் குதித்த பழைய வாசிப்புக்காரி வேம்புவைப் போன மாசம்தான் சீட்டுக் கிழித்து அனுப்பியிருந்தாள்.

கதை முடிந்தது. ஒரே கைதட்டல்.

"மாஷா அல்லா! 'அது, அது'ன்னு நீ சொல்றப்பல்லாம் எனக்கு உசுரு போய்ப் போய் வந்துச்சும்மா" என்றாள் ஹாஜிரா பீ.

நீரஜா மாமி மட்டும் கைதட்டவில்லை.

"ஏண்டி அபயம், புஸ்தகத்துல 'அது'ன்னுதான் போட்டிருக்கா?"

அபயத்துக்கு முகம் வெளுத்தது. "இல்லே மாமி."

"வரிக்கு வரி 'ராஜகோபாலன் வந்தான், ராஜகோபாலன் சிரிச்சான்'னுன்னா போட்டிருக்கு! ஓர் இடத்துலகூட நீ அந்தப் பேயோட பேரைச் சொல்லலையே?"

"தப்புதான் மாமி." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, இத்தனை ஆசைப்பட்டதும் போச்சு என்று நினைத்தாள்.

"தப்பா? போடி அசடே! எத்தனையோ தடவை வாசிச்ச கதை, ஒருநாளும் எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போட்டதில்லே. பேரைச் சொன்னா யாரோ பக்கத்தாத்துப் பிள்ளையாண்டான் வந்து நிக்கற மாதிரின்னா இருக்கு! பேரை எடுத்தப்புறம்தான் அது பேயாச்சு. இனிமே வாராவாரம் நீதான் வாசிக்கணும். சமத்துடி நீ! இந்த வித்தையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

அபயம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வித்தையும் இல்லே, ஒண்ணும் இல்லே மாமி. எங்காத்துக்காரர் பேரும் அதேதான். கட்டின புருஷன் பேரை நான் எப்படி வாயால சொல்லுவேன்?"