டிப்ஸ் மட்டும் தனி

அந்தத் தீவு விடுதியில் சாப்பாடு, படகு, மசாஜ் எல்லாமே பேக்கேஜில் அடக்கம். டிப்ஸ் மட்டும் தனி. விருந்தினர் கிளம்பியதும், அவர் வந்துபோன நினைவை ஊழியர்களின் தலையிலிருந்து அழித்துவிடுவார்கள். விருந்தினரின் அந்தரங்கம் காக்கும் ஏற்பாடாம். டிப்ஸ் கிடைத்த ஊழியருக்கு மட்டும் நினைவு மிஞ்சும். டிப்ஸை ஊழியர் கேட்கவும் கூடாது, இந்த ஏற்பாட்டை விருந்தினருக்கு விளக்கவும் கூடாது; மீறினால் வேலை போய்விடும்.

ஜெசிந்தா அங்கே அறை துடைக்கிறாள். ஊழியர்களுக்கு லீவும் இல்லை, போனும் இல்லை. அதனால் தங்கை லிடியா விருந்தினராகவே வந்து, அம்மா இறந்துபோனதை நேரில் சொன்னாள். அம்மாவின் தோடுகளை அக்கா கையில் வைத்து மூடினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் காலை படகுத்துறையில் இருந்த திரை லிடியாவைக் கேட்டது: ‘ஜெசிந்தாவுக்கு டிப்ஸ் தருகிறீர்களா?’

ஜெசிந்தா தங்கையின் தோளை இறுகப் பிடித்தாள். “நல்லா யோசிச்சு அமுக்குடி.”

லிடியாவுக்குச் சுருக்கென்றது. “கூடப் பொறந்தவளுக்கு யாராச்சும் டிப்ஸ் குடுப்பாவளாக்கா?” என்று ‘இல்லை’யை அமுக்கிவிட்டுப் படகேறினாள்.

கரை மறையும்வரை லிடியா கையசைத்தாள். கரையில் ஜெசிந்தா, எல்லா விருந்தினருக்கும் சிரிக்கும் அதே சிரிப்போடு கும்பிட்டு நின்றாள்.

மாலையில் சீருடைப் பையில் தட்டுப்பட்ட தோடுகளை வரவேற்பு மேசையில் ஒப்படைத்தாள்.

“யாரோ கெஸ்ட் விட்டுட்டுப் போயிட்டாவ. பாவம், தேடுவாவ. எங்கம்மாவும் இதே மாதிரிதான் போட்டிருக்கா. ஊருக்குப் போனதும் அவளுக்குப் புதுசு எடுத்துக் குடுக்கணும்.”