பேரைச் சொல்லுங்க மாமி

“‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’னு மட்டும் கத்தாதீங்க, கேட்டோ,” என்றாள் அஞ்சு. மாரத்தானின் முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அருகே, தண்ணீர் கொடுக்க நிற்கும் மலையாளப் பெண் அவள். “ஓடறவங்களுக்கு எரிச்சலா வரும். நெஞ்சுல பேர் குத்தியிருக்கும், அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. சொந்தப் பேரைக் கேட்டா செத்த காலுக்கும் உயிர் வரும்.”

லலிதாம்பாள் சங்கடமாகச் சிரித்தாள்.

“அவர் பேரை நான் சொன்னதே இல்லையேம்மா. முப்பத்திநாலு வருஷமா ‘ஏன்னா’தான். ஆஸ்பத்திரியில கேட்டப்பகூட கார்டைத்தான் நீட்டினேன்.”

“ஏன்னான்னு கத்தினா ஸ்ரீவராகம் தெரு மாமாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க மாமி.”

தூரத்தில் அவள் காத்திருந்த நீலச் சட்டை தெரிந்தது. நெஞ்சில் ‘வெங்கடேஸ்வரன்’ என்ற அட்டை. ஓட்டம் எப்போதோ நொண்டலாகியிருந்தது. அவர்களுக்குப் பத்தடி முன்னால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

லலிதாம்பாள் முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“வெங்கடேஸ்வரன்,” என்று கத்தினாள். “வெங்கடேஸ்வரன், ஓடுங்கோ.”

நீலச் சட்டை நிமிர்ந்தது. அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது.

அஞ்சு விழித்தாள். “மாமி, அந்தப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசுதானே இருக்கும்?”

“என் பிள்ளை, நவநீத். அந்த அட்டை அவன் அப்பாவோடது. ஓடறேன்னு பேர் கொடுத்தார். அவர் போய் மூணு மாசம் ஆறது.”

நீலச் சட்டை திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஐசியூவில, ‘ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடேன்’னு கேட்டார். ‘முதல்ல ஆத்துக்கு வாங்கோ, சொல்றேன்’னேன்.”