லிஃப்ட்டுக்கு ஒரு சொல்

ஐந்து பேர் இருந்தோம். மடிப்பு மேசையின் சுவரோரம் மடிப்பு அக்கா, ஒரு காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு. அவருக்கு எதிரே தையல் அக்கா, மடியில் கிழிந்த படுக்கை விரிப்போடு. அழுக்கு மூட்டையின் மேல் மெஷின்காரர். இஸ்திரி அண்ணன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பார். மேசையின் தலைமாட்டில் நான், பதிவேட்டை மூடி அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. வார்டுகள் மேலே ஐந்து மாடி. போய்வரச் சரக்கு லிஃப்ட் ஒன்று.

வெளியில் இருக்கும் பொத்தானை அழுத்தினாலே அது தானாக மேலே போகும். ஆனால் துணி வண்டியோடு ஓர் ஆளும் போக வேண்டும் என்பது உத்தரவு. துணி காணாமல் போய்விடுமாம். பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: உடன் சென்றவர்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் அந்தக் கட்டத்தில் மடிப்பு அக்காவின் பெயர். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் போனது. ஒன்றேகால் மணி நேரம். நடுவில் ஒரு முறை அது ஒரு முழம் கீழே நழுவியதாக அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அன்றிலிருந்து துணியை மூட்டையாகக் கட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறுகிறார். முழங்கால் வீங்கிவிட்டது.

இன்று காலை சூப்பர்வைசர் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து அக்காவும் லிஃப்ட்டில்தான் போக வேண்டும். முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

புது மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. எங்களில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதுவதில் எனக்குத்தான் பேர். காய்ச்சலே வராதவனெல்லாம் என்னிடம் வந்து காய்ச்சல் எழுதி வாங்கிக்கொண்டு போவான்.

இந்த லிஃப்ட்டைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். தேதி, பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. நிலைமை திருப்திகரமாக இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம் என்று. பதில் இல்லை.

என்ன எழுதினேன் என்று தமிழில் சொல்லச் சொல்லி இப்போதுதான் கேட்டார்கள். சொன்னேன்.

"அதுல பயமே இல்லையே ரைட்டரே," என்றார் இஸ்திரி அண்ணன். "லிஃப்ட்டுக்கு லீவு கேட்ட மாதிரியில்ல இருக்கு."

பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் பாடப்புத்தகத்தில் புலிக்கும் புயலுக்கும் வந்தவை. லிஃப்ட்டுக்குப் போட்டுப் பார்த்தால் பொய் சொல்வதுபோல இருந்தது.

தையல் அக்கா ஊசியை விரிப்பில் குத்தி நிறுத்தினார். அவர் மகள் யூகேஜி படிக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக முந்தின நாளே இவர் படித்துவைத்துக்கொள்வாராம். நேற்றைய பாடத்தில் ஒரு சிங்கம். பக்கத்தில் ஸ்கேரி. பயமாயிருக்கு என்று அர்த்தம்.

சின்னச் சொல். ஆளுக்கொரு தடவை சொல்லிப் பார்த்தோம். மெஷின்காரர் சூப்பர்வைசர் போன வழியைக் கைகாட்டிச் சொன்னார். மடிப்பு அக்கா லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே சொன்னார்.

எழுதினேன். லிஃப்ட் இஸ் ஸ்கேரி. அடுத்த வரியில், வி ஆர் ஸ்கேரி. லிஃப்ட் பயமாயிருக்கு, எங்களுக்குப் பயமாயிருக்கு. கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கவரில் நான் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது தையல் அக்கா என் கையைத் தட்டினார். மகளின் பாடத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த பக்கத்தையும் பார்த்திருக்கிறார். சிங்கத்துக்கு அடுத்தது முயல். முயலுக்கு ஸ்கேரி இல்லை, ஸ்கேர்டு. பயப்படுகிறவருக்கு அந்தச் சொல். பயமுறுத்துகிறவருக்குத்தான் ஸ்கேரி.

நம் ஒற்றைச் சொல்லில் சிங்கமும் முயலும் சேர்ந்தே இருந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் தனித்தனிக் கூண்டு.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தப்பை அழிக்க ஒயிட்னர் புட்டியைத் திறந்தேன்.

இப்போது அதில் என்னவென்று இருக்கிறது என்று மடிப்பு அக்கா கேட்டார். நாம் பயங்கரமான ஆட்கள் என்று இருக்கிறது என்றேன். மெஷின்காரர் சிரித்த சிரிப்பில் மூட்டையிலிருந்து சரிந்து விழப் பார்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. காலை ஸ்டூலிலிருந்து மெல்ல இறக்கினார்.

"ரெண்டு லெட்டர் தப்பில்லாம எழுதினீங்களே தம்பி, பதில் வந்துச்சா?"

ஒயிட்னரை மூடினேன்.

தாளை மூன்றாக மடித்து கவருக்குள் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன். மேனேஜர், ஐந்தாம் மாடி. மத்தியான வண்டி தயாராக நின்றது. அறுபது விரிப்பு, அறுபது தலையணை உறை. எல்லாவற்றுக்கும் மேலே கடிதத்தை வைத்தேன்.

இஸ்திரி அண்ணனின் முறை. வண்டியை லிஃப்ட்டுக்குள் தள்ளினார். கொஞ்ச நேரம் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு வெளியே வந்துவிட்டார்.

மடிப்பு அக்கா நொண்டிக்கொண்டே போய்க் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். பொத்தானையும் அவரே அழுத்தினார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். நேரம்: இரண்டு நாற்பது. உடன் சென்றவர்: இல்லை.