மாப்பிள்ளைக்குக் கொடுத்த கார்

“இதுக்குப் பேரு காரா மாமா?” என்று இளவரசன் முன் டயரில் ஓங்கி ஓர் உதை விட்டான். ஜெயங்கொண்டத்து ஒர்க்‌ஷாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா என்று அழைக்கப்பட்ட இளையபெருமாள் ஆண்டிமடத்து முந்திரி விவசாயி. இன்னும் ஒன்பது நாளில் இவனுக்கு மாமனாராகப் போகிறவர். உதை தன்மேல் விழுந்ததுபோல ஓரடி பின்வாங்கி நின்றார்.

மெக்கானிக் தர்மனுக்கு அருவருப்பாக இருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறான். மாட்டையே உதைப்பவனை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அது தர்மனே பார்த்து வாங்கிக் கொடுத்த கார். பெரம்பலூர் வாத்தியார் ஒருவர் மூன்று வருஷம் பூப்போல ஓட்டியது. வாங்கிய அன்று, கல்யாணப் பெண் வளர்மதி பானெட்டுக்குள் தலையை நீட்டி, இது என்ன ஒயர், அது எதுக்கு என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். ஓட்டப்போகிறவன் கேட்காததை இவள் கேட்கிறாளே என்று இளையபெருமாள் சிரித்தார்.

இன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. புளியமர நிழலில் தலையைக் குனிந்து நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

“என்ன செய்யுது?” என்றான் தர்மன்.

“ஏசி போட்டா திணறுது. பாட்டையும் போட்டா விக்கி விக்கி நிக்கப் பாக்குது. நல்ல வண்டின்னு நீதானய்யா சர்ட்டிபிகேட் குடுத்த?” என்றான் இளவரசன்.

தர்மன் டிக்கியைத் திறந்தான். நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கடையில் கொடுத்து மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி முழு டிக்கியையும் அடைத்திருந்தது. வண்டிக்கு அடியில் ஊதா லைட்டு, கண்ணாடியைச் சுற்றிப் பச்சை லைட்டு. இத்தனையும் செய்துவிட்டு, தன் வீட்டில் நிறுத்த இடமில்லை என்று காரைப் பெண் வீட்டுக் கொட்டகையிலேயே விட்டிருந்தான். திருவிழா மேடைகூட இதைவிட அடக்கமாக இருக்கும்.

தர்மன் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தான். பதினாலு வோல்ட் காட்டியது. ஏசி, பாட்டு, லைட்டு எல்லாவற்றையும் போட்டதும் முள் பதினொன்றுக்கு இறங்கியது, எஞ்சின் இருமியது. பெட்டிதான் காரணம் என்று அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அப்போதும் இருமியது. பேட்டரி நன்றாக இருந்தது, பெல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது.

அதற்குள் இளவரசன் செல்போனில் ஒரு பெரிய காரின் படத்தை மாமனார் மூக்குக்கு நேரே நீட்டினான். “இந்த மாதிரி ஒண்ணு வேணும் மாமா. கிழக்கு முந்திரிக் கொல்லைய வித்தா வந்துடும்ல?”

“அது சின்னவன் படிப்புக்குன்னு வச்சதுங்க மாப்ள.” இளையபெருமாள் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “பத்திரிகை வேற வச்சாச்சு. சரிங்க, பாத்துச் செய்யறேன்.”

தர்மனுக்கு வாயெல்லாம் கசந்தது. இந்தச் சனியனுக்குக் கொல்லை போய்விடக் கூடாது என்று ஒவ்வோர் ஒயராகத் தடவிக்கொண்டே போனான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் கையோடு ஆடியது. அதன் நெட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது. நெட்டின்மேல் படிந்திருந்த சிமெண்டு லாரிப் புழுதியில் ஸ்பானர் பிடித்த தடம் புதிதாக இருந்தது.

யாரோ வேண்டுமென்றே செய்த வேலை. தர்மன் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தான். நெட்டை முறுக்கி, பெட்டியையும் மாட்டி, ஏசி, பாட்டு, லைட்டு எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

“முடிஞ்சிடுச்சுங்க. ஒரு நெட்டுதான் லூசு.”

இளையபெருமாள் முகத்தில் உயிர் வந்தது. “பாத்தீங்களா மாப்ள! நல்ல வண்டிதான்!”

“அதனால என்ன?” என்றான் இளவரசன். “ஓடுதோ ஓடலையோ, எனக்கு இது வேணாம். நான் கேட்ட வண்டி வாசல்ல நின்னாதான் மணவறையில உக்காருவேன். இல்லாட்டி உங்க பொண்ண நீங்களே வச்சுக்குங்க.”

வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கு ஆரம்பித்துவிட்டது. இளையபெருமாள் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரிங்க தம்பி, வச்சுக்கறேன். சாவியக் குடுங்க.”

“என்னது?”

“எம்பொண்ண நானே வச்சுக்கறேன். சாவியக் குடுத்துட்டுப் போங்க.”

இளவரசன் திரும்பத் திரும்ப மிரட்டிப் பார்த்தான். அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் சாவியைத் தரையில் வீசிவிட்டு, ரோட்டில் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனான். இளையபெருமாள் குழாயடியில் போய் முகத்தைக் கழுவ ஆரம்பித்தார். முதுகு குலுங்கியது.

தர்மன் காறித் துப்பினான். வளர்மதி பக்கத்தில் வந்து சாவியைப் பொறுக்கினாள்.

“அழாத பாப்பா, தப்பிச்சன்னு நெனச்சுக்க. பெரிய வண்டி கேக்குறதுக்காக அந்த நெட்ட அவனே கழட்டியிருக்கான். எவ்வளவு கேவலமான ஜென்மம் பாரு!”

வளர்மதி நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு பானெட்டே தெறக்கத் தெரியாதுண்ணே. அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு நான் எத்தன தடவ சொல்லியும் அப்பா நம்பல. அதான் நேத்து நானே கழட்டி விட்டேன்.”