மூன்றாவது கால்

பென்னாகரம் சாலையில் நான்காவது முறையும் அப்படியே நடந்தது. மாதேஷ் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்ததும் எஞ்சின் திணறிக் காரை உலுக்கியது; வேகம் இறங்கியது. பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக் கஸ்பார் மடியிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

“பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிறீங்க தம்பி. அதான் கம்ப்யூட்டர் டீசலைக் கொறைக்குது.”

“எனக்கென்ன மூணு காலாண்ணா?”

கஸ்பார் குனிந்து பார்த்தார். பிரேக் மிதியில் கால் இல்லை. ஆனாலும் மிதி பாதி இறங்கியிருந்தது.

விபத்தில் நசுங்கிய ஒரு காரின் எஞ்சினையும் கம்ப்யூட்டரையும் எடுத்து இதில் மாட்டியவர் அவர்தான். அந்தக் காரை ஓட்டியவர் பிழைக்கவில்லை.

“பிரேக் மிதிச்சா கம்ப்யூட்டருக்குச் சொல்ற அந்த பிரேக் சுவிட்சைக் கழட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை பந்தயம்.”

“வேண்டாம் தம்பி. பிரேக் லைட்டுகூட எரியாது.”

“பின்னாடி வர்றவன் பார்க்கிற தூரத்துல வந்தாத்தானே லைட்டு?” மாதேஷ் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “கழட்டுய்யா!”

கஸ்பார் சுவிட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலையோரம் இறங்கி நின்றார்.

இம்முறை எஞ்சின் திணறவில்லை. கார் சீறிப் போனது. வளைவுக்கு வெகு முன்பே பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. வேகம் மட்டும் குறையவே இல்லை.

கஸ்பார் ஓடிப்போய்ப் பார்த்தார். புளியமரத்தில் மோதியதில் எஞ்சின் பிய்ந்து ஓட்டுநர் சீட்டுவரை வந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாதேஷ் நசுங்கிக் கிடந்தான். பேட்டரி தெறித்துக் கேழ்வரகுக் காட்டில் விழுந்திருந்தது.

பிரேக் விளக்குகள் இன்னும் எரிந்தன. கஸ்பார் பையைத் தடவினார். சுவிட்ச் இருந்தது.

பிறகு, யாரோ மிதியிலிருந்து காலை எடுத்ததுபோல, இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.