நடு வாட்சு

மூன்று ஸ்டாப்வாட்சுகளும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. ஆரோக்கியசெல்வி அவற்றைப் பார்க்கவில்லை. நீலகண்டன் சாரின் கட்டைவிரலையே முறைத்துக்கொண்டிருந்தாள். இருநூறு மீட்டரில் அவளுக்கு அடுத்ததாக வந்தது அவருடைய மகள்.

"ரெண்டு வாட்சு இருபத்தெட்டை ஒட்டி நிக்குது. ஒண்ணு மட்டும் முப்பது காட்டுது" என்றார் விளையாட்டுச் சங்கச் செயலாளர் கைலாசநாதன். வருஷாவருஷம் செய்வதுபோல மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். "இருபத்தெட்டே முக்காலுக்கு வருதும்மா. புதுச்சேரிக்குப் போகணும்னா இருபத்தெட்டரைக்குள்ள வந்திருக்கணும்."

எண்பத்தொன்றாம் வருஷத்துப் புதுச்சேரிப் போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு வேளாங்கண்ணியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தேறினால் அவர்களை வேறொரு நாள் வரச் சொல்வது, தேறாவிட்டால் ஓட்டத்துக்கே முழுக்கு என்று அப்பா சொல்லியிருந்தார்.

அதற்கே அவர் இறங்கி வந்தது அண்ணன் பிலோமின்ராஜால்தான். "ஓடட்டும்பா. நான் பாத்துக்கறேன்" என்றான். தினமும் காலையில் தலத்தெருவிலிருந்து கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்கு அவளைச் சைக்கிளில் வைத்து மிதித்ததும் அவன்தான்.

நேரம் பார்த்தவர்கள் மூன்று பேர். நீலகண்டன், பழைய டிரில் மாஸ்டர் முத்தையன், வரவேண்டிய ஆள் வராததால் "குடுங்க சார், நான் பிடிக்கறேன்" என்று கை நீட்டிய பிலோமின்ராஜ். வாட்சுகள் சங்கத்தினுடையவை, எல்லாம் ஒரே மாதிரி. எதை யார் அமுக்கினார்கள் என்று பின்னால் சண்டை வரக்கூடாதென்று மேசைமேல் கலந்து வைத்துவிடுவது அங்கே வழக்கம்.

"கோட்டுக்கிட்ட வந்ததும் விரல் தூங்கிடுச்சா சார்?" என்று நீலகண்டனிடம் கேட்டே விட்டாள் செல்வி.

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?" பிலோமின்ராஜ் அவள் தோளைப் பிடித்தான். "விடு செல்வி. கணக்குன்னா கணக்குதான். வா, வீட்டுக்குப் போவம்."

நீலகண்டன் கோபித்துக்கொள்ளவில்லை. செயலாளர் பக்கம் திரும்பினார்.

"சார், எம்மவ இருபத்தொம்பதுல ஓடறவ. அவளையே இந்தப் பொண்ணு அவ்ளோ தூரம் முந்திப் போச்சு. இதுக்கு முப்பதா?"

"கணக்கு அப்படி வருதேப்பா."

"ஒரு வாட்சு தப்பாயிருந்தா அது மத்த ரெண்டையும் சேத்துல்ல இழுக்குது. கூட்டி வகுக்காதீங்க. வரிசையா வச்சு, நடுவுல நிக்கறத எடுங்க. பெரிய போட்டியிலல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க."

"இவ தேறிட்டா அடுத்த வருஷமும் உம் மவளுக்குச் சான்ஸ் இல்லையேய்யா."

"தோத்தவளுக்கு என்ன சார் சான்ஸு?"

செல்விக்கு முகம் சுட்டது. இவர் இல்லையென்றால் முத்தையன் சார்தான். கண்ணில் புரையோடு வெயிலில் நின்ற மனிதர் என்ன செய்வார் என்று அவரை அப்போதே மன்னித்தும் விட்டாள்.

கைலாசநாதன் மூன்று வாட்சுகளையும் வரிசையாக நகர்த்தினார். ஓரத்தில் இருபத்தெட்டு புள்ளி ஒன்று. மறு ஓரத்தில் முப்பது. நடுவில் இருபத்தெட்டு புள்ளி இரண்டு.

"நியாயமாத்தான் படுது. தேறிட்டம்மா. உம்பேர இன்னிக்கே அனுப்பிடறேன்."

அவள் ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த முப்பதுக்கு மதிப்பே இல்லீங்களா சார்?" என்றான் பிலோமின்ராஜ்.

"அது ஓரத்துல கெடக்கறது தம்பி. முப்பதா இருந்தா என்ன, நாப்பதா இருந்தா என்ன? நடுவுல இருக்கறத அது அசைக்காது" என்று சிரித்தார் கைலாசநாதன்.

பிலோமின்ராஜ் சிரிக்கவில்லை. ஓரத்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தவன், தங்கையின் கை தன் கைக்குள் இருப்பதையும் மறந்து கேட்டான்:

"அப்ப நான் இன்னும் எவ்வளவு பிந்தி அமுக்கியிருந்தாலும் இவ போயிருப்பாளா?"