திட்டு

மார்பகப் புற்றுநோய் முற்றிய இளம் தாய்மார்களுக்கு மருத்துவமனையில் ஒரு வகுப்பு நடந்தது. தாங்கள் போன பிறகு தங்கள் குரலிலேயே பிள்ளைகளோடு பேசப்போகும் பேசும் பெட்டியை அங்கே அவர்களே பேசிப் பேசிப் பழக்கினார்கள். செண்பகா அக்காவுக்குத் துணையாக நானும் போவேன்.

"எல்லாரும் கொஞ்சிக்கிட்டே இருக்கீங்களே, திட்டுறது யாரு? புள்ளைங்க நம்பவே நம்பாதுங்க," என்றார் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்.

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துத் திட்டினாள். "அடியே எருமை, மறுபடியும் பாலைக் கொட்டிட்டியா?"

வகுப்பே சிரித்தது.

அக்கா இப்போது இல்லை. அலமாரியில் இருக்கும் பெட்டியிலிருந்து அவள் குரல் கொஞ்சுகிறது, கதை சொல்கிறது. அக்கா மகள் நறுமுகை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் நான் ஆற்றிக் கொடுக்கும் பாலைத் தரையில் ஊற்றிவிட்டு, பெட்டிக்கு எதிரே போய்க் காத்து நிற்கிறாள்.